கைப்பிடி நடுவிலா, பின்னாலா?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர் தண்டையார்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே பட்டறை வைத்திருக்கிறார். ஃபவுண்டரியில் 31 வருஷம் பேட்டர்ன் மேக்கராக (வார்ப்புக்கு மர மாதிரி செய்கிறவராக) இருந்தவர். இப்போது பிஸ்டல் சுடும் பிள்ளைகளுக்கு மரக் கைப்பிடி செதுக்கித் தருகிறார்.)

அண்ணே, என் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். வேட்டை லைசென்ஸ் எடுத்து, சீசனில் நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போவான். இந்த வருஷம் ரைபிளை விட்டுவிட்டு போல்ட் ஆக்‌ஷன் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறானாம். ரெண்டு பார்த்து வைத்திருக்கிறான். ஒன்றில் கைப்பிடி நடுவில் இருக்கிறது, இன்னொன்றில் பின்னால். ரெண்டும் 7 மி.மீ.-08 தோட்டா. “அந்தக் கைப்பிடி மாமாவிடம் கேளுப்பா” என்கிறான். என்ன சொல்லட்டும்?
– வாசகர், ராயபுரம்

மகன் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். இந்தத் தெருவில் எனக்குப் பேரே அதுதான்.

முதலில் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. போல்ட் ஆக்‌ஷன் கைத்துப்பாக்கி என்பது ரைபிளின் தம்பி. ரைபிளில் இருக்கிற அதே தாழ்ப்பாள் மாதிரியான போல்ட், அதே மாதிரித் தோட்டா. குழல் மட்டும் குட்டை, தோளில் வைக்கிற கட்டை கிடையாது. 1963-ல் ரெமிங்டன் கொண்டுவந்த எக்ஸ்பி-100 தான் இதில் பேர் பெற்ற முதல் ஆள். ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவது. அதற்கென்றே .221 ஃபயர்பால் என்று ஒரு சின்ன தோட்டாவும் செய்தார்கள். அந்தக் காலத்தில் ரெமிங்டன் டூபாண்ட் கம்பெனியின் கையில் இருந்ததால், கட்டையை மரத்தில் செய்யாமல் டூபாண்டின் ஸைடெல் நைலானில் வார்த்தார்கள். மரவேலைக்காரனான எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் வார்ப்பு வேலை சுத்தம். அதில் கைப்பிடி நடுவில் இருந்தது.

ஏன் நடுவில் வைத்தார்கள் என்று புரிய ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒரு முக்கால் அங்குல ஜி.ஐ. பைப் இருந்தால் எடுங்கள். நடுவில் பிடித்துக் கையை நீட்டுங்கள். ஒரு நிமிஷம் நிற்கலாம். இப்போது ஒரு முனையைப் பிடித்து நீட்டுங்கள். பத்து எண்ணுவதற்குள் மணிக்கட்டு கெஞ்சும், பைப்பின் மறுமுனை தரையைப் பார்க்கும். நடுப்பிடிக்கும் பின்பிடிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான். ஸ்கோப்போடு (குறி பார்க்கிற தொலைநோக்கி) சேர்த்தால் இந்தத் துப்பாக்கிகள் ரெண்டு கிலோவைத் தாண்டிவிடும். நின்றுகொண்டு, எதன் மேலும் சாய்க்காமல் சுடுகிறவனுக்கு நடுப்பிடியே தெய்வம்.

மீதிப் பாதி டிரிகரில் இருக்கிறது. யாரும் கடையில் கேட்காத விஷயம் இது. தோட்டாவின் பின்புறத்தை அடிக்கிற ஊசியை விடுவிக்கிற கொக்கி, போல்ட்டின் பின்பக்கம் இருக்கிறது. கைப்பிடியை நடுவுக்குத் தள்ளினால் டிரிகரும் கூடவே முன்னால் போய்விடும். அப்போது டிரிகருக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி போட்டு இணைக்க வேண்டும். நம் தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு ஆணி தேய்ந்த பம்பில் கைப்பிடி முதல் ரெண்டு அங்குலம் சும்மா ஆடும், அப்புறம்தான் தண்ணீர் ஏறும். எத்தனை இணைப்போ அத்தனை ஆட்டம். நல்ல கைவினைஞன் அந்தக் கம்பியை இழைத்து ஆட்டத்தைக் குறைப்பான், ஆனால் பின்பிடித் துப்பாக்கியில் அந்தக் கம்பியே வேண்டாம். ரைபிளின் டிரிகர் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிக் குச்சி உடைகிற மாதிரி டக்கென்று விடும்.

சரி, போல்ட். வலக்கைக்காரன் வலப்பக்க போல்ட்டை இழுக்க, பிடியிலிருந்து கையை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இடக்கையை மேலே சுற்றிக் கொண்டுபோக வேண்டும். சாவேஜ் கம்பெனிக்காரர்கள் ஸ்ட்ரைக்கர் என்ற நடுப்பிடித் துப்பாக்கியில் போல்ட்டை இடப்பக்கம் வைத்தார்கள். வலக்கை பிடியை விடவே வேண்டாம், இடக்கை தோட்டாவைப் பார்த்துக்கொள்ளும், காலிக்கூடு வலப்பக்கம் விழும். இதை யோசித்தவன் கையால் வேலை செய்தவனாகத்தான் இருப்பான்.

இப்போது உங்கள் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கே உட்கார்ந்து சுடப்போகிறாய்?” டெக்சாஸில் பெரும்பாலும் மறைவுக் கூண்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்தில் மணல்பை வைத்துத்தான் மானுக்குக் காத்திருப்பார்கள். அப்படியென்றால் பைப்பின் எடையை மணல்பை தாங்கிக்கொள்ளும். முன்பக்கக் கனம் அப்போது தொல்லை தராது, உதவியே செய்யும். 7 மி.மீ.-08 உதைக்கும்போது குழல் மேலே எழும்புவதை அந்தக் கனம் அமுக்கும். டிரிகரும் சுத்தமாக இருக்கும். என் ஓட்டு பின்பிடிக்கு. காட்டுக்குள் நடந்து, நின்ற இடத்திலேயே சுடுகிற பழக்கம் என்றால் மட்டும் நடுப்பிடி வாங்கட்டும்.

மணல்பையில் குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையை வைக்கச் சொல்லுங்கள். குழலை வைத்தால் குண்டு போகிற இடம் மாறும். ரைபிள் ஸ்கோப்பை எடுத்து இதில் மாட்டவும் வேண்டாம். அது கண்ணிலிருந்து மூன்று நாலு அங்குலத்தில் இருந்தால்தான் படம் தெரியும், உதைக்கும்போது புருவத்தைக் கிழித்துவிடும். கை நீட்டிப் பார்க்கிற பிஸ்டல் ஸ்கோப் என்றே தனியாக இருக்கிறது.

பிடியின் வடிவத்துக்கு வருவோம். விரல் பள்ளம் வெட்டிய பிடி அழகாக இருக்கும். வாங்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு பையனுக்கு நானே ஆசையாக நாலு பள்ளம் வெட்டிக் கொடுத்தேன். என் கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது, அவன் கைக்கு இல்லை. மேடு ஒவ்வொன்றும் அவன் விரல் எலும்பின் மேல் போய் உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தான், அரத்தை எடுத்து எல்லாவற்றையும் மழித்தேன். உதைக்கிற துப்பாக்கிக்கு உருண்டையான, வழவழப்பான முதுகு வேண்டும். பின்முதுகில் கூர்மையான விளிம்போ சொரசொரப்போ இருந்தால், பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை ரத்தக்கோடு போடும். சொரசொரப்பு பக்கவாட்டில் மட்டும் போதும்.

அளவு பார்ப்பது சுலபம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று ரெண்டு தடவை பார்த்துவிட்டு, பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். குழல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்கும்போது, ஆட்காட்டி விரலின் முதல் கணுவின் சதை டிரிகரின் நடுவில் விழ வேண்டும். நுனி மட்டும் எட்டினால் பிடி பருமன். இரண்டாவது கணு வரை உள்ளே போனால் பிடி மெலிவு.

கடைசியாக, கைப்பிடி ஆசையில் சட்டத்தை மறந்துவிட வேண்டாம். 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள கைத்துப்பாக்கிக்குத் தோள்கட்டை மாட்டினால், 1934-லிருந்து இருக்கிற அமெரிக்க மத்தியச் சட்டப்படி அது தனியாகப் பதிவு செய்ய வேண்டிய ஆயுதம் ஆகிவிடும். முன்பக்கம் செங்குத்தாக இன்னொரு பிடி மாட்டினாலும் வில்லங்கம்தான். ரெண்டு கால் ஸ்டாண்ட் மாட்டலாம், அது பிடி இல்லை.

வேட்டையே குற்றமாக இருக்கிற நாட்டில் வேட்டைத் துப்பாக்கிக் கைப்பிடி பற்றி எழுதுவது எதற்கு?
– வாசகர், கொருக்குப்பேட்டை

நியாயமான கேள்வி. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பொழுதுபோக்கு வேட்டை கிடையாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் கேட்டவர் மகன் இருக்கிற ஊரில் அது அனுமதியோடு நடக்கிறது. அங்கே தவறான பிடியால் குறி தப்பினால் மான் காயத்தோடு ஓடிக் காட்டுக்குள் நாள் கணக்கில் சாகும். பிடி சரியாக அமைவதில் அந்த மானுக்கும் பங்கு உண்டு.

மாமா, நான் பிளஸ் ஒன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். அரை மணி நேரம் சுட்டதும் சுண்டுவிரல் வலிக்கிறது, குண்டு எல்லாம் கீழே இறங்குகிறது. பிடியை மாற்றலாமா?
– வாசகி, வியாசர்பாடி

மாற்றாதே கண்ணு, முதலில் சுண்டுவிரலை விடு. என் வலது சுண்டுவிரலின் நுனி 1989-ல் பேண்ட்ஸா என்கிற மர அறுப்பு மெஷினுக்குப் போனது. அதன் பிறகு ஆறு மாதம் சுத்தியல் கையை விட்டு நழுவியது. அப்போதுதான் தெரிந்தது, இறுக்கிப் பிடிக்கிற வேலையில் அந்தச் சின்ன விரலுக்கு எவ்வளவு பங்கு என்று. பிஸ்டலில் அதுவே வம்பு. டிரிகரை இழுக்கும்போது கீழ் விரல்கள் சேர்ந்து இறுகினால் குழலின் மூக்கு கீழே இறங்கும். நடுவிரல்தான் பிடிக்க வேண்டும், சுண்டுவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம், உள்ளங்கைக்குக் கீழே இருக்கிற தட்டு மேலே ஏறி இறுக்குகிறதா என்று பார். அதை இறக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும், அரைச் சுற்று தளர்த்து. பிடி மணிக்கட்டைத் தொடக் கூடாது என்பது போட்டி விதி, தொட்டால் செக்கிங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மொத்தப் பிஸ்டலும் 420-க்கு 200-க்கு 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதனால் பள்ளம் நிரப்புகிற மக்கு வைத்துப் பிடியைத் தடிமனாக்குவதற்கு முன் ஸ்கேலை எடு.

எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று தெரிய ஃபவுண்டரியில் நாங்கள் நீலச்சாந்து பூசுவோம். நீ அம்மாவின் குங்குமத்தைத் துளி எண்ணெயில் குழைத்து உள்ளங்கையில் பூசிக்கொண்டு பிடி. திறந்து பார்த்தால் சிவப்பு ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். பள்ளத்தில் எபாக்சி மக்கு, மேட்டில் 120 நம்பர் உப்புத்தாள். ஒரு நாளைக்கு ஒரு இடம்தான் தொட வேண்டும். ரெண்டு இடத்தை ஒரே நாளில் இழைத்தால் எது வேலை செய்தது என்று உனக்கே தெரியாது.

பிடிக்கு எந்த மரம் நல்லது? தேக்கு போதாதா?
– வாசகர், திருவொற்றியூர்

தேக்கு மேசைக்கு. பிடிக்கு வால்நட், கிடைக்காவிட்டால் ஈட்டி. உங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சாவது வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரெண்டு நாள் காயவிட்டு. பழைய ஈட்டிக் கட்டில் கால் இருந்தால் விற்றுவிடாதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள்.