கணப்புப் பலகையில் ஒரு நாய் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது: "கணப்புக்குப் பின்னால் அரச முத்திரை பொறித்த இரும்புப் பலகை ஒன்று கருத்துக் கிடந்தது, அதிகாரம் அடுப்பைக்கூட விட்டுவைக்கவில்லை." படித்தபோது சரிதான் என்று தலையாட்டினேன்.

இப்போது மகள் வீட்டுக்குப் பிரைட்டன் வந்திருக்கிறேன். பக்கத்தில் லூயிஸ் என்ற ஊரில் ஆன் ஆஃப் கிளீவ்ஸ் இல்லம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் எழுதிய பலகைகள் அங்கே நிறைய இருக்கின்றன. ஒன்றில் அரசனும் இல்லை, முத்திரையும் இல்லை. சம்மட்டி பிடித்த ஓர் ஆள், கூடவே ஒரு நாய். நாயை முதலில் கண்டுபிடித்தது பேத்திதான். இதில் எந்த அதிகாரம் இருக்கிறது?

இரண்டு கேள்விகள். எரிந்து கரி படியப்போகிற இடத்தில் எதற்காக இவ்வளவு வேலைப்பாடு? அடுத்தது வீட்டு விவகாரம். மருமகன் பழம்பொருள் கடை ஒன்றில் 1588 என்று ஆண்டு போட்ட பலகையைப் பார்த்துவிட்டு வந்து, வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார். நம்பலாமா?

அன்புடன்,
மீ.

அன்புள்ள மீ. அவர்களுக்கு,

அந்த வரியை எழுதியபோது எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்தது ஒரே ஒரு பலகை, அதுவும் ஒரு விடுதியின் கூடத்தில், காபி ஆறுவதற்குள். ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டுக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். உங்கள் பேத்தி நாயைப் பார்த்திருக்கிறாள். நான் முத்திரையிலிருந்த சிங்கத்தைத் தாண்டிப் போகவில்லை.

இதை ஆங்கிலத்தில் ஃபயர்பேக் என்கிறார்கள். நான் கணப்புப் பலகை என்றே எழுதுகிறேன். விறகுத் தீ நாள் முழுவதும் எரிந்தால் பின்சுவரின் கல்லும் செங்கல்லும் வெடித்து உதிர்ந்துவிடும். அந்தச் சுவரைக் காப்பதுதான் பலகையின் முதல் வேலை. புகைபோக்கி வழியாக வீணாகிற வெப்பத்தில் கொஞ்சத்தைத் தேக்கி அறைக்குள் திருப்பி அனுப்புவது இரண்டாவது வேலை. இரண்டுக்கும் கனமான வார்ப்பிரும்புத் தகடு போதும். பூவும் கொடியும் தேவையே இல்லை. உங்கள் முதல் கேள்வி நியாயமானது.

பதில் மணலில் இருக்கிறது.

இங்கிலாந்தின் முதல் ஊதுலைகளில் ஒன்று 1496இல், நீங்கள் இருக்கும் சசெக்ஸ் பகுதியின் ஆஷ்டவுன் காட்டில், நியூபிரிட்ஜ் என்ற இடத்தில் எழுந்தது. அதற்கு முன் அங்கே இரும்பு என்றால் சிறு உலையில் பிசுபிசுவென்று திரண்ட கட்டியைச் சம்மட்டியால் அடித்து எடுப்பதுதான். நீர்ச்சக்கரம் இயக்கும் துருத்தியும் மரக்கரியும் சேர்ந்து இரும்பைத் தண்ணீராக ஓடவைத்த பிறகே, அதைப் பாத்திகட்டிப் பாய்ச்ச முடிந்தது. பாத்தி என்பது உவமை இல்லை. உலைக்கு முன்னால் ஈர மணலைத் தட்டிச் சமப்படுத்தி, ஒரு மரப்பலகையை அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும். உலையின் வாயைத் திறந்து, வாய்க்கால் வெட்டி, இரும்பை அந்தப் பள்ளத்துக்குள் விட வேண்டியதுதான். மேலே மூடி கிடையாது. ஆறியதும் புரட்டினால் மணலைத் தொட்டிருந்த பக்கம் முன்புறம். வானத்தைப் பார்த்துக் குமிழியிட்டு உறைந்த பக்கம் பின்புறம்.

இரும்பை விடுவதற்கு முந்தைய அந்தச் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். காலடியில் வழவழவென்று ஈர மணல். அதில் எதை அழுத்தினாலும் இரும்பாகிவிடும். யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒரு துண்டுக் கயிற்றை ஓரமாக வைத்து அழுத்தினார்கள். முறுக்கு முறுக்காகக் கரை வந்துவிட்டது. இடுப்பில் இருந்த குத்துவாளை அழுத்தினார்கள். விறகு தாங்கியை அழுத்தினார்கள். மரத்தில் செதுக்கிய சின்ன ரோஜா அச்சு ஒன்று கையிலிருந்தால் அதையே பத்து இடத்தில் குத்தினார்கள். ஆரம்ப காலப் பலகைகளில் இந்தச் சின்னங்கள் வரிசை தப்பிச் சாய்ந்து கிடக்கும். கலை விமர்சகர்களுக்கு அது அமெச்சூர்த்தனமாகத் தெரியலாம். எனக்கு அவற்றின்மேல்தான் ஆசை. இந்த வேலைப்பாட்டுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதையும் கவனியுங்கள். வெறும் தகட்டுக்கும் கயிறு பதித்த தகட்டுக்கும் இரும்பின் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அடுத்த முறை போகும்போது எழுத்துகளைப் பாருங்கள். N, S இரண்டும் அடிக்கடி இடவலமாகத் திரும்பியிருக்கும். எழுதத் தெரியாதவன் செய்த வேலை என்று வழிகாட்டிகள் சிரிப்பார்கள். அவ்வளவு எளிதில்லை. அச்சகத்தில் ஈய எழுத்து கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். மணல் வார்ப்பில் நேராகவே செதுக்க வேண்டும். அழுத்தும்போது மணலில் இடவலமாகத் திரும்பி, இரும்பில் மறுபடி நேராகிவிடும். ஆனால் வேலை செய்கிறவன் குனிந்து பார்க்கும்போது கண்முன் இருப்பது இடவலம் மாறிய வரி. வலமிருந்து இடமாகச் சொற்களைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். மெல்லிய மரத்தில் வெட்டிய தனி எழுத்துக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? A, H, O எப்படி வைத்தாலும் ஒன்றுதான். N, S மாட்டிவிடும். உலை திறக்கப்போகிற நேரத்தில் நானாக இருந்தால் அந்த இரண்டோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

சர்ரேயில் குரோஹர்ஸ்ட் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் ஆன் ஃபார்ஸ்டர் என்ற பெண்ணின் கல்லறைத் தகடு இருக்கிறது. அதுவும் வார்ப்பிரும்புதான், 1591. இன்னாரின் மகள், வாரிசு, இரண்டு மகன்களையும் ஐந்து மகள்களையும் விட்டுச் சென்றாள் என்று எழுதியிருக்கிறது. அச்சு செய்தாகிவிட்டது, வீணாக்குவானேன் என்று வார்ப்பாளர்கள் நினைத்திருக்க வேண்டும். அதே கல்வெட்டை அப்படியே பதித்துக் கணப்புப் பலகைகளும் வார்த்துவிட்டார்கள். யாரோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர், ஆன் ஃபார்ஸ்டரின் இரங்கல் வாசகத்துக்கு முன்னால் கால் நீட்டிக் குளிர் காய்ந்திருக்கிறார். நம் ஊரில் இதற்கு ஒரு பஞ்சாயத்தே கூடியிருக்கும்.

உங்கள் பேத்தி பார்த்த ஆளின் பெயர் ரிச்சர்ட் லெனார்ட். ஓரத்தைச் சுற்றி அவரே எழுதிவைத்திருக்கிறார்: ரிச்சர்ட் லெனார்ட், பிரீட் உலையின் வார்ப்பாளர், 1636. ஃபர்னஸ் என்பதைக் காதில் விழுந்தபடி ஃபோர்னிஸ் என்று எழுதியிருக்கிறார். கையில் சம்மட்டி, சுற்றிலும் தொழிற்கருவிகள், ஒரு பக்கம் அவருடைய ஊதுலை, கூடவே நாய். சசெக்ஸ் உலைகளுக்குப் பெயரும் பணமும் கொடுத்தவை பீரங்கிகள். 1543இல் பக்ஸ்டெட் என்ற ஊரில் முழுதாக வார்த்தெடுத்த இரும்புப் பீரங்கி வந்ததிலிருந்து அந்தப் பகுதியின் பிழைப்பே அதுதான். பீரங்கியில் வார்ப்பாளர் தன் நாயைப் போட முடியாது. கணப்புப் பலகையில் முடிந்தது.

இனி என் வரிக்காகக் கொஞ்சம் வாதாட அனுமதியுங்கள். அரச முத்திரைப் பலகைகள் ஏராளம் என்பது உண்மை. அவை ஆண்டு கணிக்கவும் உதவும். ஒற்றைக்கொம்புக் குதிரை ஸ்காட்லாந்தின் சின்னம். 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்து அரியணையிலும் ஏறிய பிறகே அது சிங்கத்துக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றது. அதற்கு முன் அங்கே நின்றது, முன்பு ஆண்ட டியூடர் வம்சத்தின் டிராகன். முத்திரையில் கொம்புக் குதிரை இருந்தால் பலகை 1603க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. இரண்டாம் சார்லஸ் போரில் தோற்று 1651இல் ஓக் மரத்தில் ஒளிந்து தப்பிய கதையும் அவர் அரியணை திரும்பிய பிறகு பலகைகளில் ஏறியது: ஒரு மரம், கிளைகளுக்கிடையில் மூன்று கிரீடங்கள். அப்படி ஒன்றைக் கூடத்தில் வைத்தால் வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று விருந்தாளி கேட்க வேண்டியதில்லை.

இதை வேறு எவரைவிடவும் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். 1793இல் அவர்கள் போட்ட உத்தரவில் வீட்டுக் கணப்புகளும் தப்பவில்லை. அரச முத்திரையோ பிரபுத்துவச் சின்னமோ உள்ள பலகைகளைத் திருப்பிவைக்க வேண்டும் என்றது அது. நூற்றைம்பது கிலோ இரும்பைப் பெயர்த்துத் திருப்புவது எப்படிப்பட்ட வேலை என்று யோசியுங்கள். திருப்பியவர்களின் புண்ணியத்தில் பிரெஞ்சு அரச சின்னமான லில்லி மலர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நெருப்புப் படாமல் பத்திரமாக இருந்தன. ஆக, அதிகாரம் அடுப்பை விட்டுவைக்கவில்லை என்ற என் வரி பாரிஸுக்குப் பொருந்தும். சசெக்ஸுக்குப் பாதிதான்.

பிரான்சின் லொரேன் பகுதியிலும் லக்சம்பர்க்கிலும் இன்னொரு சாமர்த்தியம் செய்தார்கள். சமையலறைக் கணப்பின் பின்சுவரையே திறந்துவிட்டுப் பலகையை அங்கே பொருத்தினார்கள். பலகையின் மறுபக்கம் அடுத்த அறை; அங்கே அதன்மேல் ஓர் அலமாரி. அலமாரிக் கதவைத் திறந்தால் சூடு, மூடினால் இல்லை. இந்தப் பக்கம் சமையல் நடக்கும், அந்தப் பக்கம் புகையே இல்லாமல் குடும்பம் குளிர் காயும்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்து பாணி வந்தது. முழுப் பலகையையும் தச்சர் ஒரே மர அச்சாகச் செதுக்கிக் கொடுத்துவிடுவார். உயரமான, மேலே வளைந்த வடிவம். உச்சியில் டால்பின்கள், நடுவே கிரேக்கத் தெய்வங்கள், பைபிள் காட்சிகள். மிக நேர்த்தி. எனக்குச் சலிப்பு.

கரி படிகிற இடத்தில் ஏன் என்றீர்கள். பெரிய தீ எரியும்போது பலகை தெரியாது என்பது சரி. ஆனால் குளிர்கால இரவு நீளமானது. சுடர் அடங்கித் தணல் மட்டும் இருக்கும் நேரத்தில் கீழிருந்து சிவப்பு வெளிச்சம் ஏறும். வெறும் விரற்கடை உயரமே புடைத்திருக்கும் உருவங்களுக்கு அந்தச் சாய்ந்த வெளிச்சம் போதும். கருப்பின்மேல் விளிம்புகள் மட்டும் மினுங்கும். தணல் கனன்று மங்கும்போது கூடவே அசையும். பழைய பலகைகள் பலவற்றில் உருவங்கள் மேல்பாதியிலேயே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கீழ்ப்பாதி சாம்பலுக்கும் விறகுக்கும் போய்விடும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். அருங்காட்சியகத்தின் வெள்ளை விளக்கு மேலிருந்து விழுகிறது. நாம் பார்ப்பது அவர்கள் பார்த்த பலகை இல்லை.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். 1588, ஆர்மடா என்ற ஸ்பானியக் கப்பற்படை இங்கிலாந்திடம் தோற்ற ஆண்டு. அந்த ஆண்டும் IFC என்ற மூன்று எழுத்தும் நங்கூரங்களும் உள்ள பலகையை ஆர்மடா பலகை என்றே அழைக்கிறார்கள். மூலம் பழையதுதான். அவர் பார்த்தது அந்தப் பலகை என்றால், திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்ட பலகை அது. நகலெடுப்பது எளிது: பழைய பலகையையே மணலில் அழுத்தி வார்த்தால் ஆண்டு உட்பட எல்லாம் வந்துவிடும். ஏமாற்று என்று சொல்லவும் முடியாது. பழைய காலத்து வார்ப்பாளர்களே அப்படிச் செய்தவர்கள்தான்.

ஆனால் இரும்பு ஒரு தடயம் விட்டுவைக்கும். உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். கோவையில் எங்கள் உறவினர் ஒருவரின் பவுண்டரியில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர அச்சு, செய்கிற ஆசாரி தனி அளவுகோல் வைத்திருப்பார். அதில் ஓர் அடி என்பது ஓர் அடியைவிடக் கொஞ்சம் நீளம். சின்ன வயதில் அதை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வடிவியலில் நான் வாங்கிய மதிப்பெண் வேறு கதை. நகல் எடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. எண்பது சென்டிமீட்டர் பலகையின் நகல் எட்டு மில்லிமீட்டர் குறையும். நகலின் நகல் இன்னும் குறையும். ஒவ்வொரு தலைமுறையிலும் கயிற்றின் முறுக்கு மழுங்கி, ரோஜா இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அருங்காட்சியகங்கள் தங்கள் பலகைகளின் அளவைப் பதிவு செய்து வைத்திருக்கும். கேட்டு வாங்கி, கடைக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். நகல் என்று தெரிந்தே நகலுக்குரிய விலைக்கு வாங்கினால் தவறே இல்லை. வெப்பத்துக்கு வயது தெரியாது. வாங்கினால் சூடாக இருக்கும்போது தண்ணீர் மட்டும் தெளிக்க வேண்டாம், விரிசல் விட்டுவிடும்.

டேப்புக்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னொன்று. கடைக்காரரிடம் சொல்லிப் பலகையைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்புறம் கரடுமுரடாக, குமிழி வெடித்த தழும்புகளோடு, தடிமன் இடத்துக்கிடம் மாறி இருந்தால் மேலே பேசலாம். சாப்பாட்டு மேசைபோல வழவழப்பாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். முடிந்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். பின்புறத்தை மட்டும் எடுத்தால் போதும்.

அன்புடன்.