விரிசலை அடைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நியூ மெக்சிகோவில், அல்பகர்க்கியில் வசிக்கிறேன். ஸ்பானியக் காலனி பாணியில் செய்த ‘ட்ராஸ்டெரோ’ அலமாரி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். பாண்டரோசா பைன் மரம். பெயிண்ட் அடித்த கதவுப் பலகையில் பூச்செதுக்கல். ஜனவரியில் அந்தப் பலகை மேலிருந்து கீழாக 3 மி.மீ. வெடித்துவிட்டது. எபாக்ஸியால் அடைத்து, உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்துத் தருவதாகச் சொல்கிறார் பழுதுபார்ப்பவர். செய்யலாமா? அலமாரி உண்மையிலேயே பழையதுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேண்டாம். மூன்றுமே வேண்டாம்.

கதவுச் சட்டங்கள் கழுந்தும் துளையுமாகப் பூட்டி மர ஆணி அடித்தவை. நடுப்பலகை மட்டும் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பசையில்லாமல் சும்மா நிற்க வேண்டும். பாண்டரோசா பைன் ஈரம் 1 சதவீதம் இறங்கினால் அகலத்தில் சுமார் 0.2 சதவீதம் சுருங்கும். ஆகஸ்ட் மழையில் 8 சதவீதமாக இருந்த ஈரம், ஹீட்டர் ஓடும் ஜனவரியில் 4 ஆனால், 30 செ.மீ. பலகை ஏறக்குறைய இரண்டரை மி.மீ. குறுகும். நகர இடமிருந்தால் வெடிக்காது. பின்னாளில் யாரோ அடித்த பெயிண்டோ பசையோ ஆணியோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது எபாக்ஸி நிரப்பினால் மழையில் உப்ப இடமின்றி மரம் நசுங்கும்; அடுத்த குளிரில் பக்கத்திலேயே புது விரிசல் வரும்.

கதவின் பின்புறம் பாருங்கள். பலகையைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தால் அதை எடுங்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய கத்தியை ஓட்டிப் பெயிண்டை அறுத்துவிடுங்கள். மூட்டிலுள்ள மர ஆணிகளைத் தொடாதீர்கள். பிடி விட்டதும் இரண்டு பாதியையும் கையால் நெருக்குங்கள். மூடிக்கொண்டால், 60 டிகிரியில் சூடாக்கிய வஜ்ரப் பசை (விலங்குத் தோலில் காய்ச்சுவது) தடவிச் சேர்த்துப் பிடித்தால் போதும். ஆறும்போதே உறைந்துவிடும், வேண்டாமென்றால் பின்னாளில் வெந்நீரில் இளகும். மூடாவிட்டால், ரேகை ஒத்த பைன் சிராய் ஒன்றைச் செருகி ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். ஒட்டாமல் அப்படியே விட்டாலும் தப்பில்லை என்பேன்.

பலகை நகர்ந்தால் ஓரத்தில் பெயிண்ட் படாத வெள்ளைக் கோடு தெரியும். பதறி அதற்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள், மறுபடி ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் மெழுகு தேய்த்து வையுங்கள்.

வயதைக் காட்டுவது, யாரும் பார்க்காத பின்புறமும் அடிப்புறமும்தான். வட்ட ரம்பத்தின் வளைகோடுகள் தெரிந்தால், 1846இல் அமெரிக்கப் படை வந்த பிறகு அறுத்த மரம். அதற்கு முன் அங்கே மர ஆலை கிடையாது. 1880இல் ரயில் வந்ததும் ஆலைச் சாமான்கள் குவிந்தன. 1925இல் சாண்டா ஃபேயில் ஸ்பானியக் காலனிக் கலைச் சங்கம் தொடங்கியது. 1930களில் தொழிற்பள்ளிகளிலும் இந்தப் பாணியைக் கற்றுக்கொடுத்தார்கள். அக்காலத்தவர் அழகுக்காகவே, கையால் செதுக்கியது போல, வாய்ச்சித் (மரம் செதுக்கும் கருவி) தழும்பு போட்டதுண்டு. அதனால் முகப்புத் தழும்பை மட்டும் நம்ப முடியாது. (1930களின் நல்ல வேலையும் குறைந்ததல்ல.)

உப்புத்தாள் இந்தத் தடயத்தையெல்லாம் அழித்துவிடும். பைனில் மெது வளையம் சீக்கிரம் தேயும், கடின வளையம் மேடாக நிற்கும். இதழ்களின் கூர் விளிம்பும் மழுங்கிப் போகும். வார்னிஷும் காடிக்குள் இறங்கிப் பலகையைத் திரும்பவும் பிடிக்கும்.

அலமாரி ஹீட்டர் காற்றுக்கு நேர் எதிரே இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.