உண்ணி நாயின் மேல் மட்டும் இல்லை: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

வெயிலோ மழையோ, சென்னையில் உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஓய்வு மாதம் கிடையாது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றித்தான். உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. பூனையும் சொறிந்துகொண்டே இருக்கிறது. அதன் கழுத்தில் கொஞ்சம் விடலாமா?
(வாசகி, ராயபுரம்)

தயவுசெய்து விடாதீர்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளிலும் பவுடர்களிலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலால் அது முடியாது. சில மணி நேரத்தில் காதும் முகமும் துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். உயிரும் போகலாம். நாய்களைக் கழுவப் பயன்படுத்தும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. அளவைக் குறைத்தால் பரவாயில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது. பூனைக்கென்றே தயாரான மருந்தை, அதன் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

யாராவது ஏற்கெனவே விட்டிருந்தால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் வைத்து அந்த இடத்தைக் கழுவி, துண்டில் சுற்றி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உங்கள் பக்கத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. மருந்தின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து படுக்கும் என்றால், நாய்க்கு எந்த மருந்து போடலாம் என்பதையே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

வாராவாரம் நாயை உண்ணி சோப்பு போட்டுக் குளிப்பாட்டுகிறேன். இரண்டு நாளில் மறுபடியும் காதுக்குள் உண்ணி. இப்போது சுவரிலும் ஏறுகிறது. நாங்கள் இருப்பது லைன் வீடு.
(வாசகர், வியாசர்பாடி)

சுவரில் ஏறுகிறது என்று நீங்கள் எழுதிய வரியில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊர் நாய்களிடம் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. குஞ்சாக ஒரு முறை, அடுத்த பருவத்தில் ஒரு முறை, பெரிதான பின் ஒரு முறை என்று மூன்று தடவை ஏறி ரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் குடித்து முடித்ததும் இறங்கிவிடுகிறது. மொச்சைக் கொட்டை போல உப்பிய பெண் உண்ணி இறங்கியதும் மேலே ஏறி, சுவர் விரிசல், கதவு நிலை இடுக்கு, காலண்டருக்குப் பின்புறம், கூரை ஷீட்டும் சுவரும் சேரும் இடம் என்று ஒளிந்துகொண்டு ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நீங்கள் குளிப்பாட்டும்போது சாவது அன்று நாயின் மேல் இருந்தவை மட்டும்தான். சோப்பின் வேகம் அத்தோடு தீர்ந்துவிடும். சுவரில் காத்திருப்பவை அடுத்த நாள் ஏறும். சாப்பாடே இல்லாமல் பல மாதம் காத்திருக்கக்கூடிய உயிர் அது.

அதனால் நாயையும் வீட்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். நாய்க்கு, மருத்துவர் எடை பார்த்துத் தரும் மெல்லும் மாத்திரையோ சொட்டு மருந்தோ, குறைந்தது மூன்று நான்கு மாதம் விடாமல் போக வேண்டும். மாத்திரைகளில் ஒரு மாதம் தாங்குவதும் உண்டு, மூன்று மாதம் வரை தாங்குவதும் உண்டு. மொத்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சில சமயம் மூன்று மாத மாத்திரையே மலிவாக முடியும். நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை மாத்திரைகளில் அது முக்கியம். சொட்டு மருந்து என்றால், விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்ட வேண்டாம்.

வீட்டில் விரிசல்களைச் சிமெண்ட்டோ பட்டியோ வைத்து அடையுங்கள். கோணி, பழைய புடவை என்று நாய் படுக்கும் துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். இடுக்குகளுக்குப் பூச்சி மருந்து தேவைப்பட்டால், தெரிந்த ஆளை வைத்து அடியுங்கள். காயும்வரை பிள்ளைகளும் பிராணிகளும் வெளியே இருக்கட்டும். வீட்டுக்கு அடிக்கும் மருந்தை நாயின் மேல் அடிக்கவே கூடாது.

லைன் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பொது நடையில் படுக்கும் தெரு நாயும் பக்கத்து வீட்டு நாயும் உங்கள் நாயோடு சேர்த்தி. சுவர் பொது, அதனால் உண்ணியும் பொது. நாலு வீட்டுக்காரர்களும் பேசி ஒரே வாரத்தில் எல்லா நாய்க்கும் மருந்து கொடுத்தால்தான் இது அடங்கும். நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள்.

எங்கள் நாட்டு நாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. உடம்பு சுடுகிறது. நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. வெயில் சூடு என்கிறார்கள். போன மாதம் நிறைய உண்ணி எடுத்தோம்.
(வாசகி, பெரம்பூர்)

அம்மா, இதைப் படித்ததும் மருத்துவமனைக்குப் போங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்க எல்லா அறிகுறியும் இருக்கிறது. உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும், மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும், தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். பபீசியா என்ற இன்னொரு கிருமி சிவப்பணுக்களையே உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, சில நாய்களுக்கு இரண்டுமே சேர்ந்து வரும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள் என்கிறேன்.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள் கொடுப்போம். பல நாய்கள் சில நாளிலேயே எழுந்து வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும். அங்கேதான் நிறையப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். அப்புறம், வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

வலைக் கொட்டகையில் பூனை குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளின் மேல் தெள்ளுப்பூச்சி மொய்க்கிறது. கெரசின் தடவச் சொல்கிறார்கள்.
(வாசகர், காசிமேடு)

கெரசின், டீசல், பினாயில், கற்பூர எண்ணெய் எதுவும் வேண்டாம். குட்டி நக்கும்போது உள்ளே போகும், தோலும் வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு போட்டு, ஒவ்வொரு குட்டியாகக் கழுவி உடனே துடைத்து, வெதுவெதுப்பாக வைத்துத் தாயிடம் விடுங்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் தினமும் வாரி, வந்த பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் தட்டுங்கள். ஈறைப் பாருங்கள், வெளுத்திருந்தால் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். அவ்வளவு சின்ன உடம்பில் பூச்சிகள் குடிக்கும் ரத்தமே உயிரை எடுக்கப் போதும். தாய்க்குப் பால் கொடுக்கும்போதும் பாதுகாப்பான மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கொட்டகையில் குட்டிகள் படுத்த சாக்கை மாற்றி, மண்ணைக் கூட்டி அள்ளுங்கள். தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் அங்கேதான் இருக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பருவத்தை எந்த மருந்தும் எளிதில் தொடாது, அதனால் சுத்தமான பிறகும் சில வாரம் புதிய பூச்சி குதிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பூனையின் வால் அடியில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது.
(வாசகி, தண்டையார்பேட்டை)

நாடாப்புழுவின் துண்டுகள். பூனை தன்னை நக்கும்போது விழுங்கிய தெள்ளுப்பூச்சி வழியாக வந்தது. குடற்புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும்.

வீட்டில் கலர் மீன் வளர்த்து விற்கிறோம், நிறையத் தொட்டி இருக்கிறது. நாய்க்கு உண்ணி. வீட்டில் மருந்து அடிக்கலாமா?
(வாசகர், கொளத்தூர்)

தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம். உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை மீனுக்குக் கொடிய விஷம். காற்றோட்ட மோட்டார் இழுக்கும் சாரலே ஒரு தொட்டியைக் காலி செய்துவிடும். உங்கள் பிழைப்பே அதில் இருக்கும்போது, நாய்க்கு மாத்திரையும் சுவருக்குச் சிமெண்ட்டும் போதும். சொட்டு மருந்து போட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

குழந்தையின் காதுக்குப் பின்னால் உண்ணி கடித்திருந்தது. தீக்குச்சி வைத்தால் விழும் என்கிறார்கள்.
(வாசகர், திருவொற்றியூர்)

தீக்குச்சி வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். கடித்த இடத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரத்துக்குள் காய்ச்சலோ தோலில் தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.