கண்மாய்க்கரையில் ஒரு வகுப்பு

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரைச் சாமநத்தம் கண்மாய்க்குப் பறவையும் தண்ணீர்ப்பூச்சியும் பார்க்கக் கூட்டிப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
— ஓர் ஆசிரியை, அவனியாபுரம், மதுரை

பதில்: ஜனவரியில், காலை 7 மணிக்கே போங்கள். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் நாமக்கோழி, முக்குளிப்பான் என்ற இரண்டு நீர்ப்பறவைகளும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். கூடுள்ள கருவேல மரங்களை நெருங்கவே வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டையைக் காகம் கொத்திவிடும்.

பிள்ளைகள் சொக்கிப்போவது தண்ணீர்ப்பூச்சியில்தான். வெள்ளைத் தட்டில் இரண்டு விரற்கடை கண்மாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். வலையைச் சேற்றில் இழுத்தால் தட்டு கலங்கிவிடும். கோரையடியில் மெல்ல அலசித் தட்டில் கவிழ்த்து, இரண்டு நிமிடம் ஆடாமல் விடுங்கள். தட்டான் குஞ்சு அசையும். அதைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள், மற்றதைத் தின்றுவிடும். கரையோரமே வண்டல் அள்ளிய பள்ளம் இருக்கலாம். வலையைப் பெரியவர்களே பிடியுங்கள்.