வாசகர் கேள்வி – பதில்: கூடவே போன நாய்

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கிடைத்த ‘மோட்சப் பிரயாண’த்தை நாற்பது வயதில் மறுபடியும் எடுத்தேன். மோட்சம் தேடிப் புறப்படும் கதாநாயகன் கிறிஸ்தியான், மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில் மூடிவிட்டேன். என் வீட்டுக்காரரும் வாரத்தில் ஐந்து நாள் ஜெபக்கூட்டம் என்று போய்விடுகிறார். இதைப் பக்தி என்று நான் மெச்ச வேண்டுமா? (வாசகி, நாசரேத்)

பதில்: மூடிய புத்தகத்தைத் திறந்து, இரண்டாம் பாகத்துக்குப் போங்கள் அம்மா. இதை ஆங்கிலத்தில் எழுதிய ஜான் பனியன் முதல் பாகத்தை 1678-இல் வெளியிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, கிறிஸ்தியான் விட்டுவிட்டுப் போன அதே மனைவி, நான்கு மகன்களையும் கூட்டிக்கொண்டு அதே வழியில் புறப்படும் கதையை எழுதினார். கணவன் தனியாக விழுந்தெழுந்து போன பாதையில் இவர்கள் வழித்துணையோடு, ஆங்காங்கே தங்கி, சாப்பிட்டு, பையன்களுக்குக் கல்யாணமும் செய்துவைத்து நிதானமாக நடக்கிறார்கள். நம் வீடுகளில் பலரும் முதல் பாகத்தோடு நிறுத்திவிடுவதால், ஓடுவது மட்டுமே பக்தி என்ற எண்ணம் தங்கிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பனியனும் குடும்பத்தை மறந்தவர் அல்லர். தடையை மீறிப் பிரசங்கம் செய்ததற்காக 1660-இல் கைதாகி, ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தபோது, நாடாக்களுக்கு முனை கட்டும் வேலை செய்து வீட்டுக்குக் காசு சேர்த்தார். மனைவி மக்களைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்ததுபோல் இருந்தது என்றும், எல்லாரையும்விடப் பார்வையற்ற மகளை நினைத்தே அதிகம் நொந்தேன் என்றும் 1666-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்காரர் சிறையில் இல்லை, பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை நீங்கள் வாசித்துக் காட்டினால் சண்டை வரும். குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரம் வரிசைப்படி வருகிற அன்று அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவுதான். ஒரு கன்வென்ஷன் ஏற்பாட்டில் மூன்று நாள் பந்தலிலேயே கிடந்துவிட்டு வீடு திரும்பிய இரவில்தான் மகளுக்குக் காய்ச்சல் என்பது எனக்குத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஏடு படிந்து அப்படியே இருந்தது. அன்று பந்தலில் நான் பாடிய பாட்டு எது என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரியாது, அந்தக் கிண்ணம் மட்டும் நினைவிருக்கிறது.

கேள்வி: கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இன்றைய வாசகருக்கு எட்டுமா? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்க முற்பட்டால் எட்டாது. பனியனின் கதையை எடுத்துக்கொண்டு, கம்பனில் தோய்ந்த ஒருவர் 1894-இல் தந்த பெருங்காப்பியம் அது. ஊடே வரும், தேவாரம் என்ற பெயரிலான துதிப்பாடல்களிலிருந்து தொடங்குங்கள், அவற்றுக்கு உரை தேவைப்படாது. அவர் ஊர்க்காரராகிய நீங்கள் வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது?

கேள்வி: பதினொரு ஆண்டுகள் எங்களோடு இருந்த நாய் சென்ற மாதம் இறந்தது. மோட்சத்தில் அதைப் பார்க்கலாமா என்று ஏழு வயது மகன் தினமும் கேட்கிறான். சபையில் ஒருவர், ‘நாய்க்கு ஆத்துமா இல்லை’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். (வாசகர், மதுரை)

பதில்: சொன்னவர் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். பார்க்கலாம் என்றோ பார்க்க முடியாது என்றோ அடித்துச் சொல்ல எனக்கு வேதத்தில் ஆதாரம் அகப்படவில்லை. ஆகையால் பிள்ளையிடம் பொய்யாக உறுதி கொடுக்காதீர்கள், கதவையும் அடைக்காதீர்கள். அவனுக்குச் சொல்லக் கதைகள் இருக்கின்றன. தாவீது அரசனின் பாவத்தைச் சுட்டிக்காட்ட வந்த நாத்தான் தீர்க்கதரிசி, ஓர் ஏழை வளர்த்த ஆட்டுக்குட்டியின் கதையைத்தான் சொன்னார். அது அவன் கையிலிருந்த உணவைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, ஒரு மகளைப்போல் இருந்ததாம். அதை ஒரு பணக்காரன் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான் என்று கேட்டுத் தாவீதுக்குக் கோபம் மூண்டதே தவிர, ஆட்டுக்காகவா இத்தனை பேச்சு என்று அவன் கேட்கவில்லை. யோனா புத்தகம் முடியும்போதும், நினிவேயின் இலட்சத்து இருபதினாயிரம் பேரோடு அநேக மிருகஜீவன்களையும் சேர்த்தே கர்த்தர் பரிதபிக்கிறார்.

இன்னொன்று, கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள தோபித்து நூலில் இருக்கிறது. பார்வை இழந்த தந்தை, கொடுத்து வைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவைத் தொலைதூரத்துக்கு அனுப்புகிறார். மனித உருவில் வானதூதர் இரபேல் துணைக்குப் போகிறார், வீட்டு நாயும் கூடவே போகிறது. அந்த நாயால் கதையில் ஒரு காரியமும் ஆவதில்லை. அது குரைக்கவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. போகும்போது கூடப் போனது, திரும்பும்போது பின்னால் வந்தது, அவ்வளவே. பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பில் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடி வருகிறது. சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இந்நூல் இல்லாததால் நம்மில் பலருக்கு அந்த நாய் அறிமுகமில்லை. இன்றிரவு உங்கள் மகனுக்கு அறிமுகப்படுத்துங்கள்.

கேள்வி: வேதத்தில் பூனை உண்டா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நம் கையிலிருக்கும் அறுபத்தாறு புத்தகங்களில் இல்லை. கத்தோலிக்க விவிலியத்தின் பாரூக்கு ஆறாம் அதிகாரத்தில் சிலைகளின்மேல் வௌவால்களோடும் பறவைகளோடும் பூனையும் உட்காருகிறது. எங்கள் வீட்டுப் பூனை அலமாரிமேல் உட்காரும் அழகைப் பார்த்தால் அதே வம்சம்தான் என்று படுகிறது.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் நெளிகிறார்கள். கண்டிப்பதா, விடுவதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நீளத்தைக் குறையுங்கள். ஒரு கீர்த்தனை, பத்து வசனம், சின்ன ஜெபம் போதும், அதிலும் வசனத்தைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். என் தகப்பனார் உலகத்திலுள்ள எல்லா மிஷனெரிகளுக்காகவும் ஜெபித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். அப்போது எங்கள் வீட்டில் செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய் இருந்தது. பாட்டு தொடங்கியதும் வாசற்படியில் முன்னங்காலில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். ‘ஆமென்’ என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் எழுந்து உடம்பை உதறிவிட்டு அடுக்களைப் பக்கம் நடக்கும். ஜெபத்தின் நடுவே தகப்பனார் மூச்சு வாங்க நிறுத்தினால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும், ‘இன்னும்’ என்று அவர் தொடங்கியதும் மூடிக்கொள்ளும். நாங்களும் ஒரு கண்ணைத் திறந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.