த்ராட்டிலைக் கூட்டினால் மூக்கு ஏன் தூக்குகிறது?

கேள்வி: ரிமோட்டில் இயங்கும் மாதிரி இரட்டை இறக்கை விமானம் ஒன்றை நானே கட்டி, பாலாற்று மணல்வெளியில் இருமுறை பறக்கவிட்டேன். த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் வேகத்தை, கூட்டினால் மூக்கு மேலேறி இடப்புறம் திரும்புகிறது, குறைத்தால் கவிழ்கிறது. ரிமோட்டில் எவ்வளவு டிரிம் (நேராகப் பறக்கவைக்கும் நுண்திருத்தம்) வைத்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: டிரிமில் தீர்வு தேடுவதை நிறுத்திவிட்டு, பேட்டரியைப் பொருத்திய நிலையில் ஈர்ப்பு மையத்தை, அதாவது விமானம் சமமாக நிற்கும் இடத்தை, பாருங்கள். மேலிறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்பங்கு என்று பலர் கணக்கிட்டுவிடுகிறார்கள். மேலிறக்கை முன்தள்ளி இருக்கும் விமானத்தில் அது பிழை. இரண்டு இறக்கைகளும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 20 செ.மீ. அகலம், மேலிறக்கை 6 செ.மீ. முன்தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தள்ளலில் பாதியான 3 செ.மீ.யுடன் அகலத்தின் கால்பங்கான 5 செ.மீ.யைக் கூட்டி, மேலிறக்கையின் முன்விளிம்புக்கு 8 செ.மீ. பின்னால் விமானம் சமமாக நிற்கவேண்டும். அதை 5 செ.மீ.யில் நிறுத்தினால் மூக்கு கனத்துவிடும். அதற்கு ஈடாக, மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரை மேல்நோக்கி டிரிம் செய்ய நேரும். பிறகு வேகம் கூடும்போதெல்லாம் மூக்கு தூக்கத்தான் செய்யும்.

இதைச் சரிசெய்தபின், நல்ல உயரத்தில் த்ராட்டிலை மூடி, இலேசான சரிவில் இறக்கி, ரிமோட்டின் குச்சியிலிருந்து கையை எடுத்துப் பாருங்கள். விமானம் வெடுக்கென்று நிமிர்ந்தால் மூக்குக் கனம் இன்னும் மிச்சமிருக்கிறது, அல்லது இறக்கைக்கும் வால் இறக்கைக்கும் உள்ள கோண வேறுபாடு அதிகம். ஏறக்குறைய நேராகவே போனால் குறை மோட்டாரின் திசையில் இருக்கிறது. மோட்டாரைத் தாங்கும் மேல் திருகுகளுக்குப் பின்னால் மெல்லிய வாஷர் வைத்தால் அது சற்றுக் கீழ்நோக்கும். ப்ரொபெல்லரின் சுழற்சியால் வரும் இடப்புற இழுப்புக்கு, பின்னாலிருந்து பார்க்கையில் இடப்பக்கத் திருகுகளுக்கு வாஷர் வைத்து, சுமார் 2 பாகை வலப்புறம் திருப்புங்கள். ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

இறங்கும்போது த்ராட்டிலை முழுவதும் மூடவேண்டாம். இரண்டு இறக்கைகளும் தாங்குகம்பிகளும் காற்றைத் தடுப்பதால் வேகம் சட்டென்று விழுந்துவிடும். சிறு சக்கரங்கள் ஆற்றுமணலில் புதையும் என்பதால், கோடையில் வறண்டு இறுகிய ஏரி உள்வாயே நல்லது. வேலூர் வெயிலில் தரை காய்ந்து காற்று கிளம்புவதற்கு முன், விடிந்தவுடன் பறக்கவிடுங்கள். அப்துல்லாபுரம் விமான நிலையமும் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளமும் நம் பகுதியில் இருப்பதால், ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் இடத்தைச் சரிபார்த்துவிட்டே செல்லுங்கள்.