முழுப் பல்செட் உறுத்தாமலும் முகத்துக்குப் பொருந்தியும் அமைய வேண்டுமானால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர், தம் தாயாருக்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் முழுப் பல்செட் கட்டவிருப்பதாகக் கூறி, அது வாயில் உறுத்துமா, முகம் மாறிப்போகுமா, கட்டிய பிறகு குறை இருந்தால் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். செயற்கைப் பல் பொருத்துவதையே முழுநேரப் பணியாகக் கொண்ட பல் மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உறுத்தலைக் கட்டிய பிறகும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தோற்றம் அப்படியல்ல, அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் செட்டை இறுதியாக வார்ப்பதற்கு முன், பற்களை மெழுகில் அடுக்கிப் பார்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான மனக்குறைகள் இந்த வேறுபாட்டை யாரும் முன்கூட்டியே எடுத்துச் சொல்லாததால் வருகின்றன.

பல் பிடுங்கிய புண் சில வாரங்களில் மூடிக்கொண்டாலும், அதன் அடியிலுள்ள தாடை எலும்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இது வேகமாக நடக்கும். அதன்பின் மெதுவாகுமே தவிர முற்றிலும் நிற்பதில்லை. பல் பிடுங்கிய அன்றே மாட்டிவிடும் உடனடிப் பல்செட், பல்லில்லாமல் வெளியே செல்லத் தயங்குவோருக்குப் பெரிய உதவிதான். ஆனால் எலும்பு கரையக் கரைய அது தளர்ந்துவிடும் என்பதையும், உட்புறத்தில் புதிய படலம் சேர்க்கும் ரீலைனிங்கோ புதிய செட்டோ சில மாதங்களில் தேவைப்படும் என்பதையும் தெரிந்துகொண்டே அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அளவெடுப்பது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஆயத்தத் தட்டில் அல்ஜினேட் போன்ற பொருளை வைத்துப் பொதுவான அளவு எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு வார்ப்பார்கள். அந்த அச்சின்மீது உங்கள் தாயாரின் வாய்க்கென்றே தனியாக ஒரு தட்டு செய்து, அதன் விளிம்பில் சூட்டில் இளகும் காம்பவுண்டைச் சேர்த்து, உதட்டையும் கன்னத்தையும் இழுத்தும் நாக்கை நீட்டச் சொல்லியும் மறுபடி அளவெடுப்பார்கள். மருத்துவர் எதற்காகக் கன்னத்தைப் பிடித்து இப்படி இழுக்கிறார் என்று பலர் எரிச்சலடைகிறார்கள். அசையும் தசை எவ்வளவு இடம் விட்டுக்கொடுக்கிறதோ அதுவரைக்கும்தான் பல்செட்டின் விளிம்பு போக வேண்டும். அதற்கு மேல் நீண்டால் பேசும்போதெல்லாம் தசை அதைத் தள்ளிவிடும், குறைந்தால் காற்று புகுந்து பிடிமானம் போய்விடும். நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதைப் போல, ஈறுக்கும் பல்செட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலமே மேல்செட்டைப் பிடித்து வைக்கிறது. அந்தப் படலத்தைக் காப்பது விளிம்பின் அடைப்பு. மேல்செட்டுக்கு அண்ணம் முழுவதும் தாங்கும் பரப்பாகக் கிடைக்கிறது. கீழ்செட்டுக்கு அதில் ஏறக்குறையப் பாதிதான், அதுவும் நாக்கு ஓயாமல் அசையும் இடத்தில். ஆகவே மேல்செட் கச்சிதமாக ஒட்டியிருக்க, கீழ்செட் சற்று மிதப்பதை வைத்து மருத்துவரின் கைத்திறனைக் குறை சொல்ல வேண்டாம். ஏற்கெனவே பழைய செட் அணிபவராக இருந்தால், அளவெடுப்பதற்கு முந்தைய இரவிலிருந்தே அதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். அழுந்திய ஈறு இயல்பு வடிவத்துக்குத் திரும்பாமல் எடுக்கும் அளவு, அழுந்திய ஈறின் அளவாகவே இருக்கும்.

அடுத்தது உயரம், அதாவது பற்களைக் கடித்து மூடும்போது மேல், கீழ்த்தாடைகளுக்கிடையே இருக்க வேண்டிய தூரம். வசதியும் தோற்றமும் ஒரே முடிவில் சந்திக்கும் இடம் இதுதான். என் கருத்தில் முழு வேலையிலும் மிகக் கடினமான பகுதியும் இதுவே. மெழுகுக் கட்டைகளை இரு தாடைகளிலும் வைத்து, மூக்கு நுனியிலும் முகவாயிலும் ஒவ்வொரு புள்ளி குறித்து, நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து "அம்மா" என்று சொல்லித் தளர்ந்திருக்கச் சொல்லி, அந்தப் புள்ளிகளுக்கிடையிலான தூரத்தை அளப்போம். அந்த ஓய்வு நிலையில் மேல், கீழ் பற்களுக்கிடையே பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உயரம் கூடிவிட்டால் உதடுகள் சிரமப்பட்டு மூடும், பேசும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழும், மாலைக்குள் தாடை சோர்ந்து ஈறு முழுவதும் எரியும். குறைந்துவிட்டால் முகவாய் மூக்கை நோக்கி ஏறி, வாயோரங்களில் மடிப்பு விழுந்து, அதில் உமிழ்நீர் தேங்கிப் புண்ணாகும். முகத்துக்குப் பத்து வயது கூடிவிட்டதாகத் தோன்றும். உயரத்தோடு, கீழ்த்தாடை பின்னோக்கி இயல்பாக அமரும் நிலையையும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு தவறினால், பின்னால் எத்தனை முறை உட்புறத்தை ராவினாலும் வலி தீராது.

அதே மெழுகுக் கட்டையில்தான் முகத்தின் நடுக்கோடு, சிரிக்கும்போது மேலுதடு உயரும் எல்லை, வாயோரங்களை ஒட்டிய கோரைப்பல்லின் இடம் ஆகியவற்றையும் குறிப்போம். பல்லின் அகலமும் நீளமும் இந்தக் கோடுகளிலிருந்து கிடைத்துவிடும். நிறத்தில்தான் வாக்குவாதம் வரும். இருப்பதிலேயே வெண்மையானதைக் கேட்பவர்கள் அநேகர். கேட்பதைக் கொடுத்துவிடுவது எளிது என்றாலும், வயதான முகத்தில் ஒரே வெண்மையில் வரிசை பிசகாமல் நிற்கும் பற்கள் தூரத்திலிருந்தே செயற்கை என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒருமுறையாவது எடுத்துச் சொல்லிவிடுவேன். இயற்கையான பல்வரிசையில் ஒரு பல் இம்மியளவு திரும்பியிருக்கும், கோரைப்பல் மற்றவற்றைவிடச் சற்று மஞ்சளாக இருக்கும், விளிம்புகள் தேய்ந்திருக்கும். பற்கள் விழுவதற்கு முன் எடுத்த, சிரிக்கும் புகைப்படம் ஒன்று இருந்தால் கட்டாயம் கொண்டுசெல்லுங்கள். எந்த அளவுகோலையும்விட அது எங்களுக்கு அதிகம் உதவும்.

மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் நாளை யாரும் அவசரத்தில் கடந்துவிடக் கூடாது. ஓர் அம்மையார் கண்ணாடியை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். உடன் வந்த மகள், "நல்லாத்தான் இருக்கு, முடிச்சிடுங்க டாக்டர்" என்றார். மறுபடி கேட்டபோதுதான் அம்மையார், "இது எங்க அக்கா சிரிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், அவருடைய மேல் முன்பற்களில் நடுப்பல்லுக்கு அடுத்த பல் சற்றே திரும்பி அதன்மேல் ஏறியிருந்தது தெரிந்தது. மெழுகுக் கத்தியைச் சூடாக்கி அந்தப் பல்லைச் சுற்றியிருந்த மெழுகை இளக்கி, இம்மியளவு திருப்பி வைத்தோம். சில நிமிட வேலை. அதையே செட் முடிந்த பிறகு கேட்டிருந்தால் அந்தப் பல்லை வெட்டியெடுத்து வேறு பல் பதிக்க வேண்டியிருந்திருக்கும். உயரத்தையோ உதட்டுப் பிதுக்கத்தையோ மாற்றக் கேட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

அன்றைக்கே உங்கள் தாயாரைப் பேசவும் வையுங்கள். 'வ' சொல்லும்போது மேல் முன்பல்லின் விளிம்பு கீழுதட்டின் ஈரமான ஓரத்தை மெல்லத் தொட வேண்டும். 'ஸ' வரும் சொற்களில் பற்கள் மிக நெருங்கி வரலாம், ஆனால் மோதக் கூடாது. மோதினால் உயரம் கூடுதல் என்று ஐயப்பட வேண்டும். சீழ்க்கை போன்ற ஓசை வந்தால், முன்பற்கள் நிற்கும் இடத்தையும் அவற்றின் பின்னாலுள்ள அண்ணத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

பிறகு மெழுகின் இடத்தில் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கை நிரப்பி வெப்பத்தில் இறுகச் செய்வார்கள். 1930களின் இறுதியில் இந்தப் பொருள் வரும்வரை, பெரும்பாலும் கடினமாக்கிய ரப்பரில்தான் பல்செட்டின் தளத்தைச் செய்துவந்தார்கள். அக்ரிலிக் இறுகும்போது சிறிதளவு சுருங்கும் என்பதால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முதல் நாளில் சில இடங்களை ராவத்தான் வேண்டியிருக்கும். உட்புறத்தில் வெண்ணிறப் பசையை மெல்லத் தடவி வாயில் வைத்து அழுத்தி எடுத்தால், அளவுக்கு மீறி அழுத்தும் இடத்தில் பசை விலகி அக்ரிலிக்கின் இளஞ்சிவப்பு தெரியும். அந்த இடத்தை மட்டும் பர் எனப்படும் சிறு சுழலும் அரத்தால் தேய்ப்போம். வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல் முந்திக்கொண்டு மோதுகிறது என்பதையும் பார்ப்போம்.

மறுநாளும் ஒரு வாரத்திலும் கட்டாயம் மறுபரிசோதனைக்குச் செல்ல வேண்டும். வலி எப்படிப்பட்டது என்பதிலேயே காரணம் பாதி தெரிந்துவிடும். ஒரே புள்ளியில் குத்தினால் அங்கே மேடோ கூர்மையோ இருக்கும். விளிம்பையொட்டி நீளவாக்கில் புண் இருந்தால் விளிம்பு நீண்டிருக்கிறது. உதட்டின் உட்புறத்தில் ஈறோடு இணையும் சவ்வு மடிப்பு அறுபட்டாற்போல் வலித்தால் செட்டின் விளிம்பில் அதற்கான பள்ளம் போதவில்லை. மெல்லும்போது மட்டும் வலித்தால் பெரும்பாலும் கடியில்தான் பிழை. அப்போது உட்புறத்தை ராவுவது பயனற்றது என்பதோடு, இருக்கும் பிடிமானத்தையும் கெடுத்துவிடும். குமட்டல் வந்தால் மேல்செட்டின் அண்ணப் பகுதியின் பின்விளிம்பைப் பார்க்க வேண்டும். அது நீண்டிருப்பதால் மட்டுமல்லாமல், ஒட்டாமல் ஆடுவதாலும் குமட்டும். வலிக்கிறது என்று பலர் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சில நாள் கழித்து வெறும் வாயோடு வருகிறார்கள். அதற்குள் புண் ஆறி, தேய்க்க வேண்டிய இடம் தெரியாமல் போய்விடும். தாங்கக்கூடிய வலியாக இருந்தால் வருவதற்குச் சில மணி நேரம் முன்பாவது அணிந்துகொண்டு வருவதே நல்லது. வீட்டில் அரம் வைத்துத் தேய்ப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்ய வேண்டாம்.

முதல் சில நாட்கள் உமிழ்நீர் பெருகும், நாக்குக்கு இடமில்லாதது போலத் தோன்றும், பேச்சு குழறும். சத்தமாக வாசித்துப் பழகினால் பேச்சு விரைவில் தெளிந்துவிடும். முழுப் பல்செட்டின் கடிக்கும் வலிமை இயற்கைப் பற்களுடையதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மென்மையான உணவைச் சிறு துண்டுகளாக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மென்று பழக வேண்டும். முன்பல்லால் கடித்து இழுத்தால் செட்டின் பின்பக்கம் கழன்றுவரும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்க வேண்டும். கழற்றாமலே உறங்குவோருக்கு அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று ஏற்படுவது சாதாரணம். தேய்த்துக் கழுவ மென்மையான சோப்பு போதும். பற்பசை அக்ரிலிக்கில் கீறல் விழச் செய்யும், கொதிநீர் வடிவத்தைக் கோணலாக்கும். ஆண்டுக்கொருமுறை காட்டி, தளர்ந்திருந்தால் ரீலைனிங் செய்துகொள்ளலாம். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் புதிய செட் தேவைப்படுவது வழக்கம். தளர்வை ஒட்டும் பசையால் மாதக்கணக்கில் சமாளிப்பது எனக்கு உடன்பாடானதல்ல. ராவிச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவானாலும், பல்செட்டால் வந்ததுதானே என்று விட்டுவிடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கீழ்த்தாடை எலும்பு மிகவும் கரைந்து செட் எப்படியும் நிற்கவில்லையென்றால், முன்பகுதியில் எலும்புக்குள் இரண்டு இம்பிளான்ட் (திருகு போன்ற செயற்கை வேர்) பதித்து அவற்றின்மேல் கொக்கிபோல் பொருந்தும் செட் அமைக்கலாம். பல்லற்ற கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள். எலும்பின் அளவை ஸ்கேனில் பார்த்த பிறகும், சர்க்கரை நோய் போன்றவை கட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்த பிறகும்தான் இதை முடிவு செய்வார்கள். எனவே அளவெடுக்கத் தொடங்கும் முன்பே உங்கள் தாயாருக்கு இது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.